‘கேஸ் இறங்கிடுச்சு’ என்று சொன்னால்: ஏ.சி. ரிப்பேர் செலவும் புது ஏ.சி. கணக்கும்

“கேஸ் இறங்கிடுச்சு சார், போட்டுட்டா சரியாயிடும்.” கத்திரி வெயிலில் சென்னை வீடுகளில் அதிகம் காதில் விழும் வாக்கியங்களில் இதுவும் ஒன்று. 3,000 ரூபாய் கைமாறும். அன்றிரவு அறை ஜில்லென்று இருக்கும். அடுத்த மாதமோ அடுத்த கோடையோ அதே வாக்கியம் மறுபடி வரும், அதே தொகையும் போகும்.

வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல ஏ.சி.யில் கேஸ் தீராது. எரிவதில்லை, தேய்வதில்லை. செப்புக் குழாயும் காயிலும் சேர்ந்த ஒரு மூடிய சுற்றுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் ஆனாலும் கம்பெனி நிரப்பிய அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். அந்த ஓட்டை எங்கே என்று சொல்லாமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். ஆகவே மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “எவ்வளவு ஆகும்?” என்பதில்லை. “எங்கே லீக்?” என்பதுதான்.

லீக் எங்கே இருக்கும்

கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றில் கொஞ்சம் ஓடும். கசிகிற இடத்தில் எண்ணெய் மெல்லிய படலமாக வெளியே வந்து நிற்கும், அதில் தெருப்புழுதி ஒட்டும். மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசியாக இருக்க, ஓரிடம் மட்டும் ஈரமாகக் கறுத்துப் பிசுபிசுத்தால் சோப்புத் தண்ணீரை முதலில் அங்கே வைத்துப் பார்க்கலாம். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு வால்வும், அவற்றில் குழாயைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டுகளும் தெரியும். ஃப்ளேர் நட் என்பார்கள். செப்புக் குழாயின் முனையைப் புனல்போல விரித்து இந்த நட்டால் இறுக்குவார்கள். விரிக்கும்போது பிசிறு விட்டிருந்தாலும், அளவுக்கு மீறி இறுக்கி விளிம்பு நசுங்கினாலும் அங்கே மெதுவாகக் கசியும். நிறுவிய முதல் இரண்டு வருடத்துக்குள் கேஸ் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த நட்டுகளைத்தான். இதைச் சரிசெய்யக் குழாய் முனையை வெட்டி மறுபடி விரித்தால் போதும். புதுப் பாகம் எதுவும் தேவைப்படாது.

கேஸ் ஏற்றும் சர்வீஸ் வால்வின் உள்ளே, சைக்கிள் டியூப் வால்வில் இருப்பதுபோல ஒரு சின்ன ஊசி இருக்கும். ஒவ்வொரு முறை அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டும்போதும் அது அமுங்கி எழும். ரப்பர் தேய்ந்தால் கசியும். மேலே திருகும் பித்தளை மூடிதான் இரண்டாவது காவல். அந்த மூடியைத் தொலைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் இரண்டு வால்வின் மூடிகளும் இறுக்கமாக இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள்.

செலவு வைக்கும் லீக், இன்டோர் யூனிட்டின் கூலிங் காயிலில் வருவது. வீட்டுக்குள் பெயின்ட், வார்னிஷ், பிளைவுட் பசை, சுத்தம் செய்யும் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் ஆவி, காயிலின் ஈரத்தில் கரைந்து லேசான அமிலமாகும். அது செப்புக் குழாயின் சுவரில் எறும்புப் புற்றுபோலக் கிளை கிளையாகத் துளைத்துக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஊசிமுனைப் புள்ளிகூடத் தெரியாது. சாக்கடைக் கால்வாய் ஓரத்து வீடுகளில் கந்தக வாயு செம்பைக் கறுக்கவைக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர், தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் அடி வாங்குவது கண்டென்சர், அதாவது அவுட்டோர் யூனிட்டின் காயில். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். தகட்டின் நீலப் பூச்சு இதைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. மாதம் ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் அவுட்டோர் காயிலின் உப்பைக் கழுவிவிட்டால் அதன் ஆயுள் நீளும். ஆசிட் கலந்த கெமிக்கல் வாஷ் வேண்டாம். அழுக்கோடு அலுமினியத்தையும் அது தின்றுவிடும்.

குழாயே முழுக்க அலுமினியத்தாலான காயிலில் ஓட்டை விழுந்தால் வீட்டில் வைத்து அடைப்பது கடினம், பெரும்பாலும் காயிலையே மாற்ற வேண்டிவரும். செம்பு என்றால் ஓரிடத்து ஓட்டையைப் பற்றவைத்து ஓட்டலாம். எறும்புப் புற்று அரிப்பாக இருந்தால் ஒன்றை அடைத்த சில மாதத்தில் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். ஒரே காயிலில் இரண்டாவது முறை லீக் என்றால் ஒட்டுவதை நிறுத்திவிட்டு மாற்றுவதுதான் லாபம்.

கேஸ் நிரப்பும் முறை

லீக்கை அடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை மூன்று. முதலில் நைட்ரஜன் சிலிண்டரை ரெகுலேட்டரோடு இணைத்து 300 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரமாவது விட்டு, கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஏற்ற யாரையும் விடாதீர்கள். அழுத்தத்தில் ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும், உயிர்ச்சேதம் ஆகும்.

அடுத்தது வேக்கம். பம்ப் வைத்து 20 முதல் 30 நிமிடம் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். சாதாரணக் கேஜ் பூஜ்யத்துக்குக் கீழே போவதை மட்டும் காட்டும். வேக்கத்தை நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் வைத்திருப்பவர் 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கிக் காட்டுவார். பம்ப் கொண்டுவராமல், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு “காத்த தள்ளிட்டேன்” என்று முடிப்பவரின் வேலையில் ஈரம் உள்ளேயே தங்கும். ஆர்-410ஏ, ஆர்-32 என்ற இரண்டு வகைக் கேஸுக்கும் பயன்படும் எண்ணெய் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். அந்த ஈரம் பிறகு அமிலமாகிக் கம்ப்ரசர் மோட்டாரின் வைண்டிங்கை, அதாவது கம்பிச் சுருளைத் தின்னும்.

மூன்றாவது, எடை போட்டு நிரப்புவது. அவுட்டோர் யூனிட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். ஒன்றரை டன் ஆர்-32 ஏ.சி.யில் அது பெரும்பாலும் 1 கிலோவுக்குள் இருக்கும். 750 கிராம் என்று போட்டிருந்தால் சிலிண்டரைத் தராசில் வைத்து 750 கிராம் குறையும் வரை ஏற்ற வேண்டும். குழாய் வழக்கத்தைவிட நீளமென்றால் கம்பெனி சொல்லும் கணக்குப்படி மீட்டருக்குச் சில கிராம் கூடுதல். பழைய ஆர்-22 ஏ.சி.யில் கேஜைப் பார்த்து 60, 70 பிஎஸ்ஐயில் நிறுத்தும் பழக்கம் இருந்தது. இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரசர் வேகம் நொடிக்கு நொடி மாறும், அதோடு அழுத்தமும் மாறும். முழு வேகத்தில் ஓடும்போது 120 காட்டுவது, வேகம் குறைந்ததும் 150க்குப் போகும். முள்ளை மட்டும் பார்த்து நிரப்பினால் அளவு கூடவோ குறையவோதான் செய்யும். குறைந்தால் கம்ப்ரசர் சூடேறும், ஏனென்றால் அதைக் குளிர்விப்பதும் அதே கேஸ்தான். கூடினால் கரன்ட் அதிகம் இழுத்து ட்ரிப் ஆகும்.

ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போது பற்றவைக்கும் டார்ச்சின் நெருப்பைக் குழாயில் காட்டக் கூடாது. முழுக்க வெளியேற்றி, நைட்ரஜன் ஓடவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். ஆர்-290 புரொப்பேன், சமையல் கேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்த ஏ.சி.யை அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும்.

இத்தனையும் சேர்த்துச் சென்னையில் இப்போது சுமார் 3,000 முதல் 4,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். முறைப்படி செய்தால் அது நியாயமான கூலி. தராசும் பம்ப்பும் இல்லாமல் கால் மணி நேரத்தில் முடிகிற “டாப்-அப்”புக்கு 1,500 ரூபாய்கூட அதிகம்.

கம்ப்ரசர் போச்சு என்று சொன்னால்

பழைய, ஒரே வேகத்தில் ஓடும் ஏ.சி.யில் அவுட்டோர் ஃபேன் சுற்றும், காற்று குளிராது. கம்ப்ரசர் சில விநாடி ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு டக்கென்று நிற்கும். இதைப் பார்த்ததும் கம்ப்ரசர் அவுட் என்று சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் போயிருப்பது, கம்ப்ரசர் மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் கெப்பாசிட்டர். ஒன்றரை டன்னுக்கு 45 அல்லது 50 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கும், மேலே அச்சிட்டிருக்கும், ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 50 போட்டிருப்பது மீட்டரில் 38 காட்டினால், அல்லது தலை உப்பியிருந்தால் மாற்ற வேண்டும். பாகம் சில நூறு ரூபாய், கூலி தனி. நீங்களே கழற்ற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், கையைத் தூக்கிப் போடும்.

கம்ப்ரசர் உண்மையில் போயிருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஒயர்களைக் கழற்றிவிட்டு மூன்று டெர்மினலுக்கு இடையே மின்தடை பார்க்க வேண்டும். ரன்னுக்கும் காமனுக்கும் ஒன்று, ஸ்டார்ட்டுக்கும் காமனுக்கும் ஒன்று, ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் ஒன்று. முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதுக்குச் சமமாக வந்தால், எந்த டெர்மினலும் பாடியோடு ஒட்டவில்லை என்றால் வைண்டிங் நன்றாக இருக்கிறது. இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த எண்களைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்த்தவர் எழுதித் தருவார்.

வைண்டிங் எரிந்தே போயிருந்தால் எண்ணெயில் அமிலம் பரவியிருக்கும். குழாயை நைட்ரஜன் விட்டுக் கழுவி, ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரையும் மாற்றிவிட்டுத்தான் புதுக் கம்ப்ரசரைப் பற்றவைக்க வேண்டும். அதைத் தவிர்த்தால் பழைய அமிலம் புதுசையும் ஒரே சீசனில் முடித்துவிடும்.

வாரன்டி அட்டையையும் இந்த இடத்தில் எடுத்துப் பாருங்கள். “10 வருட வாரன்டி” என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பொதுவாகக் கம்ப்ரசர் என்ற இரும்புக் குண்டுக்கு மட்டும். அதை மாற்றும் கூலி, கேஸ், வண்டி வாடகை, விசிட் சார்ஜ் பெரும்பாலும் நம் தலையில்தான். கம்ப்ரசர் இலவசமாகவே வந்தாலும் 5,000 ரூபாய்க்குக் குறையாமல் செலவிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டு

இன்வெர்ட்டர் ஏ.சி.யின் பெருந்தலைவலி அவுட்டோர் பிசிபி என்ற எலெக்ட்ரானிக் போர்டு. புதுசு மாடலைப் பொறுத்து 5,000 முதல் 15,000 ரூபாய் வரை போகும். பழுதுக்கு மூன்று பேரைக் குற்றம் சொல்லலாம்: ஓல்டேஜ், ஈரம், பல்லி. வெதுவெதுப்பான இடம் தேடி ஒயர் நுழையும் ஓட்டை வழியே உள்ளே போகும் பல்லி, இரண்டு பின்னுக்கு நடுவே படுத்தால் தானும் கருகி போர்டையும் கருக்கிவிடும். எறும்பும் இதே வேலையைச் செய்யும். நிறுவும் அன்றே அந்த ஓட்டையைப் புட்டி வைத்து அடைக்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்து ஓல்டேஜ் எகிறினால் போர்டில் முதலில் போவது ஃபியூஸும், அதன் பக்கத்தில் பட்டாணி வில்லைபோல நிற்கும் நீல நிற வேரிஸ்டரும். வேரிஸ்டர் தன்னை எரித்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். போர்டைத் திறந்து அந்த வில்லை வெடித்துக் கறுத்திருப்பதைப் பார்த்தால் மனம் தளர வேண்டாம். அந்த இரண்டு பாகமும் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் முடியும், மற்றவை பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரசரை ஓட்டும் பவர் மாட்யூல் எரிந்திருந்தால்தான் செலவு. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் சுற்றுவட்டாரத்திலும் பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களிலும் போர்டு சர்வீஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள். புதுப் போர்டு வாங்கும் முன் ஒருமுறை அங்கே காட்டுவது நல்லது. மூன்று மாத கேரன்டி எழுதித் தருபவரிடம் கொடுங்கள்.

“ஸ்டெபிலைசர் தேவையில்லை” என்ற வாசகத்தை ஓல்டேஜ் மெதுவாக ஏறி இறங்குவதற்கு மட்டும் நம்பலாம். நியூட்ரல் போவதற்கும் இடி மின்னலுக்கும் அது பொருந்தாது. உங்கள் தெருவில் ஓல்டேஜ் அடிக்கடி எகிறுமென்றால் ஏ.சி. லைனில், அளவு மீறினால் துண்டிக்கும் ஒரு புரொடெக்டர் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் சொட்டுவது, சென்சார் எரர் காட்டுவது, ஃபேன் மோட்டார் இரைவது எல்லாம் சின்ன வேலைகள். சொட்டினால் டிரெயின் தட்டில் பாசி அடைத்திருக்கும். காயிலில் ஐஸ் கட்டினால் ஃபில்டர் அடைப்பு அல்லது கேஸ் குறைவு. ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஃபில்டரைக் கழுவி, கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, காற்று உள்ளே போகுமிடத்திலும் வெளியே வருமிடத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸ் சரியாகவே இருக்கிறது. யார் சொன்னாலும் போட வேண்டாம்.

ரிப்பேரா, புதுசா

நான் வைத்திருக்கும் முதல் கேள்வி: குழாயை வெட்ட வேண்டிய வேலையா, வேண்டாத வேலையா? கெப்பாசிட்டர், ஃபேன் மோட்டார், சென்சார், டிரெயின் இவையெல்லாம் வெட்டாமல் முடியும். எட்டு வயது ஏ.சி.யானாலும் செய்துவிடுங்கள். கூலிங் காயில், கண்டென்சர், கம்ப்ரசர் என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் என்றால் ரிப்பேர். எட்டைத் தாண்டி, கேட்கும் தொகை புது ஏ.சி. விலையில் மூன்றில் ஒரு பங்கை மீறினால் புதுசு. ஆர்-22 ஏ.சி.யில் காயிலோ கம்ப்ரசரோ போனால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ஓசோனைக் கெடுக்கும் அந்தக் கேஸை மான்ட்ரியல் ஒப்பந்தப்படி இந்தியா போன்ற நாடுகள் 2030க்குள் ஏறக்குறைய முழுவதும் கைவிட வேண்டும். வருடாவருடம் வரத்து குறைகிறது, பாகமும் அரிது.

“புதுசு வாங்கினால் கரன்ட் பில்லிலேயே காசு திரும்பிவிடும்” என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டார் லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணும் இருக்கும், இழுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்று சொல்வது. அதே குளிர்ச்சிக்கு அந்த எண் எவ்வளவு கூடுகிறதோ அந்த விகிதத்தில் யூனிட் குறையும். 3.5 உள்ள ஒன்றரை டன் ஏ.சி. வருடத்துக்கு 1,100 யூனிட் இழுத்தால், 5 உள்ளது 770 இழுக்கும். மிச்சம் 330 யூனிட். தமிழகத்தில் 2024 ஜூலைக் கட்டணப்படி, இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த நூறு யூனிட்டுக்குத் தலா 8.55 ரூபாய். அந்த விகிதத்தில் வருட மிச்சம் சுமார் 2,800 ரூபாய். 45,000 ரூபாய் ஏ.சி. அந்தப் பணத்தைத் திருப்பித் தரப் பதினாறு வருடம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ஏ.சி.யைச் சிக்கனத்துக்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இதே கணக்கு, 2.8 அளவில் ஓடும் பழைய ஏ.சி.யில் 15,000 ரூபாய் ரிப்பேர் வந்து நிற்கும்போது மாறுகிறது. அது 1,375 யூனிட் இழுக்கும். வருட மிச்சம் 5,100 ரூபாயைத் தாண்டும். ரிப்பேர் தொகையையும் எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் நாலாயிரத்தையும் கழித்தால் உண்மையான கூடுதல் செலவு 26,000 ரூபாய்தான். ஐந்து வருடத்தில் வந்துவிடும். 500 யூனிட்டின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இன்னும் சீக்கிரம். ஏனென்றால் அந்தக் கோட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த விகிதமும் கையை விட்டுப் போகும்.

கடையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அளவுகோல் 2018, 2022, 2026 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2018 கணக்கில் 4.5 எடுத்து 5 ஸ்டார் வாங்கிய ஏ.சி., 2022 ஜூலைக் கணக்கில் 4 ஸ்டார்தான். லேபிளில் உள்ள வருடத்தையும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் பாருங்கள். இரவு எட்டு மணி நேரம், வருடத்தில் எட்டு மாதம் ஓடும் படுக்கையறைக்கு 5 ஸ்டார் தகும். விருந்தாளி வந்தால் மட்டும் போடும் அறைக்கு 3 ஸ்டார் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகியிருக்கிறது. வரிக்கு முன் 36,000 என்றால் முன்பு 46,080, இப்போது 42,480. பழைய விலையைக் காட்டி “தள்ளுபடி” சொல்கிறார்களா என்று இதை வைத்துச் சரிபார்க்கலாம்.

விலைப்பட்டியலுக்கு வெளியே இன்ஸ்டலேஷன், ஸ்டாண்ட், மூன்று மீட்டருக்கு மேல் போகும் செப்புக் குழாய், டிரெயின் பைப், ஒயர் என்று 3,000 முதல் 6,000 ரூபாய் வரை ஒதுக்கி வையுங்கள். சுவரில் இருக்கும் பழைய குழாயையே புது ஏ.சி.க்கு மாட்டிச் செலவைக் குறைக்கத் தோன்றும். பழையது ஆர்-22 என்றால் வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய் வேறு வகை, குழாயின் கனமும் போதாமல் இருக்கலாம்.

மாட்டும் அன்று கூடவே நில்லுங்கள். வேக்கம் பம்ப் ஓடிய நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். நட்டுகளில் சோப்பு நுரை வைக்கச் சொல்லுங்கள். அவுட்டோர் தகட்டையும் வாரன்டி அட்டையையும் மொபைலில் படம் எடுங்கள். முதல் நாள் ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுத்தது, உள்ளே வெளியே எத்தனை டிகிரி வித்தியாசம் என்ற இரண்டு எண்ணையும் மார்க்கரால் அவுட்டோர் யூனிட்டின் மூடிக்கு உட்பக்கம் எழுதி வையுங்கள். நாலு வருடம் கழித்து யாராவது வந்து கேஸ் இறங்கிடுச்சு என்றால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் அங்கே இருக்கும்.